பாமசி படித்துவிட்டு எந்தப் பக்கம் போவது? திருகோணமலையிலிருந்து ஒரு மருந்தாளர்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மிஸ், பாமசி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" கூட வரும் அம்மாமாரின் கேள்வி இன்னும் சுருக்கம்: "அரசாங்க வேலைதானே?" இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் நான் பிள்ளையிடம் ஒன்றைக் கேட்பேன். நாள் முழுக்க உன்னால் எதோடு இருக்க முடியும்? வரிசையில் நிற்கிற ஆட்களோடா, மருந்துப் பெட்டிகளோடும் கணக்கோடுமா, கோப்புகளோடா? மருந்தாளர் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவும் இருக்கிறது. படிக்கும் பாடம் ஒன்றாக இருந்தாலும் பிறகு பார்க்கும் வேலை ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும்.

நான் அரச ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் மருந்துக் கவுண்டரில் தொடங்கினேன். பிறகு கன காலம் மருந்துக் களஞ்சியத்தில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இப்போது நகரத்தில் ஒரு தனியார் பாமசியில் வேலை செய்கிறேன். இந்த மூன்றையும் பற்றி விரிவாகச் சொல்கிறேன். நான் வேலை செய்யாத இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த வாசல் என்று பாருங்கள்

இலங்கையில் மருந்தாளர் ஆவதற்கு மூன்று வாசல்கள் உண்டு. எதனால் உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிறகு திறக்கிற கதவுகளும் இருக்கும். அதனால் இதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று பட்டப்படிப்பு. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களில் நான்கு வருட பி.பாம் இருக்கிறது. உயர்தரத்தை உயிரியல் பிரிவில் எடுத்தவர்களை, இசட் புள்ளியின்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்யும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு, அதற்கு விண்ணப்பம் வேறு. எங்கள் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தையே அதிகம் விரும்புவார்கள், ஊர்ப் பழக்கமும் பேச்சும் ஒத்துப்போகும் என்று. எங்கே போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு முதல் வருடம் மூச்சு முட்டும். பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும் வரை இருக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். வேறு எந்த கோர்ஸுக்கும் காசு கட்ட வேண்டாம்.

இரண்டாவது, சுகாதார அமைச்சின் டிப்ளோமா. ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வரும். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு, முடித்தால் அரச நியமனம். வீட்டில் காசுக் கஷ்டம் இருக்கிற பிள்ளைக்கு நான் இதைத் துணிந்து சொல்லுவேன். டிப்ளோமாவோடு நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் பி.பாம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே பட்டதாரி ஆனவர்கள் பலர்.

மூன்றாவது, வெளிவாரிப் பரீட்சை. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையை எழுதுவது. சொந்தமாக பாமசி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் இந்த வழியால்தான் வருவார்கள். கவுண்டர் பழக்கம் இவர்களிடம் நன்றாக இருக்கும். ஆனால் பரீட்சை லேசானது அல்ல. கடை வேலை முடிந்து களைத்துப்போய்ப் படிக்க வேண்டியிருக்கும், அதற்கு வீட்டாரின் ஒத்துழைப்பு வேண்டும்.

மூன்று வாசலும் போய்ச் சேருமிடம் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு. அந்தப் பதிவு இல்லாவிட்டால் நீங்கள் மருந்தாளர் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் "ஆறு மாத பாமசி கோர்ஸ்" விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காசு கட்டி வருகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சான்றிதழால் கடையில் உதவியாளராக நிற்கலாம், அவ்வளவுதான். எந்த நிறுவனத்தில் சேர்வதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் மருத்துவச் சபையில் மருந்தாளராகப் பதிய முடியுமா?" முடியும் என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இருக்கும் சித்த மருத்துவத்தையும் இதையும் சில பெற்றோர் குழப்பிக்கொள்கிறார்கள். அது நல்ல படிப்பு, வேறு துறை.

பாரமான நாளைப் போய்ப் பாருங்கள்

வேலை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் அதன் சுமை கூடிய நாளைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கு அது கிளினிக் நாள்.

இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள அம்மம்மாவோ பெரியப்பாவோ எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் போய், மருந்து எடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உள்ள வாங்கில் மத்தியானம் வரை இருங்கள். உள்ளே நிற்கும் மருந்தாளரை மட்டும் பாருங்கள். கிளினிக் கொப்பி ஒன்று வரும். அதில் மெட்போமின், லோசாட்டன், அட்டோவாஸ்டட்டின் என்று ஒரே வரிசை. அடுத்த கொப்பியிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். நூறாவது கொப்பியில் ஒரு அளவு மாறியிருக்கும், அல்லது சேரக் கூடாத இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அரசாங்கம் சம்பளம் தருகிறது. பின்னால் நிற்பவர்கள் "கெதியா தாங்கோ" என்று சத்தம் போடும்போதும் அந்தக் கொப்பியில் கண் நிற்க வேண்டும்.

மெதோட்ரெக்சேட் என்று ஒரு குளிசை. மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. நாள்தோறும் போட்டால் ஆளையே கொல்லும். "கிழமைக்கு ஒருக்கா" என்று சொல்லி அனுப்பினால் போதாது. எந்த நாள் என்று கேட்டு, உறையில் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம் கூடுதலாகப் போகும். வரிசையில் நிற்பவர் முறைப்பார். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க மனம் வருகிற ஆளுக்கு ஆஸ்பத்திரிக் கவுண்டர் பொருந்தும்.

எங்கள் மாவட்டத்துக்கென்று சில விசயங்கள் இருக்கின்றன. நோன்பு மாதம் வந்தால் கிண்ணியா, மூதூர் பக்கத்து நோயாளிகள் பலர் காலைக் குளிசையைத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டு வேளை மருந்தையும் நோன்பு திறந்ததும் சேர்த்துப் போடுவார்கள். கிளிக்ளசைட் போன்ற மருந்தை எடுத்துவிட்டுப் பட்டினி இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கும். அதனால் நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே "நோன்பு பிடிக்கிறீங்களா? டொக்டரிட்ட சொன்னீங்களா?" என்று மருந்தாளர் கேட்க வேண்டும். டெங்கு காலத்தில் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர டைக்ளோபெனக்கோ ஐபுபுரோபனோ வாங்கிப் போட்டுவிட்டார்களா என்று கேட்க வேண்டும், ரத்தக் கசிவு கூடும் என்பதால். இப்படிக் கேட்டுக் கேட்டு ஆட்களோடு பழகுவது உங்களுக்குப் பிடிக்குமா? பிடித்தால் இந்த வேலை சலிக்காது. பிடிக்காத ஆள் இரண்டே வருடத்தில் சிடுசிடுப்பாகிவிடுவார், அதனால் கஷ்டப்படுவது நோயாளிதான்.

மொழியும் இதோடு சேர்ந்தது. திருகோணமலையில் ஜன்னலுக்கு வருபவர் எந்த மொழிக்காரர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கந்தளாயிலிருந்தும் வருவார்கள், நிலாவெளியிலிருந்தும் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன், பின், காலை, இரவு, பாதிக் குளிசை, இவ்வளவையாவது சிங்களத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். அரச ஊழியருக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் தேவை. படிக்கும் காலத்திலேயே பழகினால் பிறகு தேடி ஓட வேண்டியதில்லை.

களஞ்சியம்: யாரும் சொல்லித்தராத நல்ல இடம்

பிள்ளைகள் யாரும் "எனக்கு ஸ்டோர்ஸ் வேலை வேண்டும்" என்று கேட்டு வந்ததில்லை. எனக்கோ என் வேலைக் காலத்தில் அதிகம் பிடித்தது அதுதான்.

நாட்டுக்கு வரும் அரச மருந்து கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவுக்கு வந்து, அங்கிருந்து மாவட்டங்களுக்குப் பிரியும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எஸ்ஆர் இலக்கம், அதாவது களஞ்சியத்தில் அதை அடையாளம் காணும் எண். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே மதிப்பீடு போட்டு அனுப்புவது களஞ்சிய மருந்தாளரின் வேலை. கூட்டிப் போட்டால் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும், குறைத்துப் போட்டால் வருடக் கடைசியில் நோயாளி வெறுங்கையோடு திரும்புவார். காலாவதி முந்துவதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் கரண்ட் நின்றால் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்க்க முதலில் ஓடுவது நாங்கள்தான். மாரி மழைக்கு வெருகல், ஈச்சிலம்பற்றுப் பாதை வெள்ளத்தில் மூடும் என்று தெரிந்து, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு முன்கூட்டியே மருந்து அனுப்பி வைக்க வேண்டும்.

2022 இல் டொலர் இல்லாமல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்த வேலையின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. எந்த ஆஸ்பத்திரியில் எது மிஞ்சியிருக்கிறது, எதை எங்கே மாற்றிக் கொடுக்கலாம் என்று தெரிந்த ஆள் களஞ்சியத்தில் இருந்த இடங்களில் நோயாளிகள் கொஞ்சமாவது தப்பினார்கள். கணக்கில் ஒழுங்கும், முன்யோசனையும், தனியாக இருந்து வேலை செய்யும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கூச்ச சுபாவம் என்று பெற்றோர் கவலைப்படும் பிள்ளைகளை நான் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன்.

தனியார் பாமசி: பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு

தனியார் பாமசியைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டொக்டர்மார் ஆஸ்பத்திரி வேலை முடித்துச் சனலுக்கு, அதாவது தனியாக நோயாளி பார்க்க, இருக்கும் நேரம்தான் கடைக்கு உயிர் வருகிற நேரம். பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது வரை நின்று பாருங்கள். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு கொண்டு வருபவர் ஒருபக்கம், துண்டே இல்லாமல் "போன முறை தந்த அந்தச் சிவப்புக் குளிசை" என்பவர் ஒருபக்கம். "முழுக் கோர்ஸ் வேண்டாம், ரெண்டு நாளைக்கு மட்டும் தாங்கோ" என்று அன்ரிபயோடிக்கைப் பாதியாகக் கேட்பவர் இன்னொரு பக்கம்.

இங்கே வேண்டிய முதல் குணம் மறுக்கத் தெரிவது. பிரிகபாலினும் டிரமடோலும் கேட்டு இளம் பொடியன்கள் வருவார்கள். நரம்பு வலிக்கும் கடும் வலிக்கும் உள்ள மருந்துகளைப் போதைக்குத் தேடுகிறார்கள். துண்டு இல்லாமல் தர முடியாது என்று அமைதியாகச் சொல்ல வேண்டும், தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். முதலாளி விற்கச் சொன்னாலும் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத இடமென்றால் அந்தக் கடையில் நிற்க வேண்டாம்.

சம்பளம் கடைக்குக் கடை மாறும், ஓய்வூதியம் இல்லை, பெருநாள் அன்றும் கடை திறந்திருக்கும். ஆனால் ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. ஒரே குடும்பத்தை வருடக்கணக்காகப் பார்க்கலாம். அம்மாவின் பிரஷர், மகளின் தைரொயிட், பேரனின் ஆஸ்துமா என்று எல்லாமே உங்கள் மனதில் இருக்கும். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று ஒரு பிள்ளைக்குச் செய்து காட்டி, அடுத்த மாதம் அந்தப் பிள்ளை இரவில் இருமாமல் தூங்குவதாகத் தாய் வந்து சொல்லும்போது வருகிற நிறைவு எனக்கு இந்த வயதிலும் குறையவில்லை.

சொந்தக் கடை போட நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்ததிலிருந்து, மருந்து விற்பனையில் எவ்வளவும் லாபம் வைக்கலாம் என்ற காலம் போய்விட்டது. நோயாளிக்கு அது நல்லது, நான் அதை மனதார வரவேற்கிறேன். கடையின் வரவு செலவை அதற்கேற்பப் போட வேண்டும், அவ்வளவுதான். மாற்று வழியாக ஒசுசல கிளைகளில் வேலையும் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராக இருந்து 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை. மருந்தைப் பொதுப் பெயரில், குறைந்த விலையில் கொடுப்பது என்ற அவருடைய எண்ணத்தை ஒவ்வொரு மருந்தாளரும் படித்திருக்க வேண்டும்.

சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள்

இதைத் தனியாகவே எழுத வேண்டும். பாமசி நடத்த அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குப் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பெயர் வேண்டும். மருந்தாளர்கள் போதாத ஊர்களில் கடைக்காரர்கள் கேட்பார்கள்: "நீங்க வரத் தேவையில்லை, பேரை மட்டும் தாங்கோ, மாசம் மாசம் காசு வரும்." எனக்கும் கேட்டிருக்கிறார்கள். புதிதாகப் பட்டம் எடுத்து, நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை. வீட்டிலும் "சும்மா இருக்கிற பேப்பர்தானே" என்பார்கள்.

நீங்கள் இல்லாத கடையில், நேற்றுச் சேர்ந்த பொடியன் ஒருவன் குழந்தைக்குக் கொடுக்கும் பாணியின் அளவைப் பிழையாகச் சொல்லுவான். சுவரில் மாட்டியிருப்பது உங்கள் பெயர். சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், பதிவே பறிபோகலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பெயரைப் பார்த்து நம்பித்தான் அந்தத் தாய் உள்ளே வந்தாள். எந்தப் பாதையைத் தெரிவு செய்தாலும் இந்த ஒரு வேலையைச் செய்யாதீர்கள். இதைக் கேட்கிற முதலாளியிடம் வேறு வேலைக்கும் போகாதீர்கள்.

மற்றப் பாதைகள்

மருந்துக் கம்பனிப் பிரதிநிதி, அதாவது மெடிக்கல் ரெப். மோட்டார் சைக்கிளில் திருகோணமலை, மட்டக்களப்பு, பொலன்னறுவை என்று ஓட வேண்டும். வருமானம் பரவாயில்லை, மாத இலக்கு தலைக்கு மேலே நிற்கும். பேச்சுத் திறமை உள்ளவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். எனக்கு அந்த வேலையில் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் நோயாளிக்கு எது தேவை என்பதற்கு முன் எது விற்க வேண்டும் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இறக்குமதிக் கம்பனிகளில் மருந்துப் பதிவு வேலை இருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு ஒவ்வொரு மருந்துக்கும் கட்டுக் கட்டாக ஆவணம் போக வேண்டும். அதைத் தயாரிப்பவர்கள் மருந்தாளர்கள். அதிகாரசபைக்குள்ளும் மருந்தாளர்கள் வேலை செய்கிறார்கள். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசி அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த விவகாரம் வெளிவந்த பிறகு, தரம் பார்க்கிற இடத்தில் நேர்மையான ஆட்கள் இருக்க வேண்டியதன் அவசியத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதும் திறமையும் நுணுக்கமும் உள்ள பிள்ளைகள் இதை யோசிக்கலாம். மருந்து உற்பத்தி என்றால் 1987 இல் தொடங்கிய இரத்மலானை அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமும் தனியார் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் குடியிருக்க வேண்டி வரும்.

வெளிநாடு போக நினைத்தால் பட்டப்படிப்பு இல்லாமல் முடிவு எடுக்காதீர்கள். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமப் பரீட்சையும் உண்டு, டிப்ளோமாவுக்கு அங்கே பெரும்பாலும் உதவியாளர் தரம்தான். கனடாவில் மதிப்பீட்டுப் பரீட்சையும் அதன் பிறகு இரண்டு பகுதித் தகுதிப் பரீட்சையும் எழுத வேண்டும். அவுஸ்திரேலியாவில் பழைய கப்ஸ் பரீட்சைக்குப் பதிலாக 2025 முதல் ஒப்ரா வந்திருக்கிறது. அங்கே போய் மறுபடி பயிற்சி எடுத்து மருந்தாளராக நிற்கும் வரை வருடங்கள் போகும். அந்தக் காலத்துக்குக் கையில் காசு வேண்டும், கூடவே வேறு வேலை செய்யும் மனமும் வேண்டும்.

வீட்டிலே உட்கார்ந்து பேச வேண்டியது

அரச வேலையில் இடமாற்றம் உண்டு. முதல் நியமனம் சொந்த ஊரில் கிடைக்கும் என்று எண்ணிக் கல்யாணம் பேசாதீர்கள். புல்மோட்டையிலோ இன்னொரு மாகாணத்திலோ போடலாம். தூரத்துச் சின்ன ஆஸ்பத்திரி என்று பெண்பிள்ளைகளைப் பெற்றோர் தடுப்பதைப் பார்க்கிறேன். என் அனுபவத்தில் சின்ன ஆஸ்பத்திரியில் தொடங்கியவர்கள்தான் வேலையை முழுதாகப் பழகினார்கள். அங்கே கவுண்டரும் களஞ்சியமும் கணக்கும் ஒரே ஆளின் கையில் வரும். ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், எந்தப் பக்கம் மனம் போகிறது என்று.

வேலை செய்யும் மருந்தாளர்களைச் சந்தித்தால் சம்பளத்தை மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஒரு டொக்டரைக் கூப்பிட்டு அளவைத் திருத்தினீர்கள்? விடுமுறை எடுத்தால் உங்கள் இடத்தில் யார் நிற்பார்? ஐந்து வருடத்துக்கு முன் செய்யாத எதை இப்போது செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் வளர வழி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பாமசிதான் என்று முடிவெடுத்துவிட்டால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரேயொரு பல்கலைக்கழகத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்காதீர்கள். பி.பாம் இருக்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் அடுத்தடுத்துப் போடுங்கள். யாழ்ப்பாணம் கிடைக்காமல் ருகுணு கிடைத்தாலும் போய்ப் படியுங்கள், சிங்களமும் சேர்ந்து வரும். வர்த்தமானியையும் பார்த்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பம் நிரப்புவதில் சந்தேகம் என்றால் என்னிடம் கொண்டு வரலாம். பின்னேரம் ஆறு மணிக்கு முன் வந்தால் ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.